ஆத்தங்குடிக் கல்லில் ஒரு பாலம்

லீவுக்குக் காரைக்குடி வந்த அண்ணன் மகளுக்கு ட்ரஸ் பாலக் (கம்பிகளை முக்கோணங்களாக இணைத்துக் கட்டும் பாலம்) கணக்கு பிடிபடவில்லை. "லாரி நகர்ந்துக்கிட்டே இருக்கே சித்தப்பா, எங்கே நிறுத்திக் கணக்குப் போடுறது?"

சரியான கேள்விதான். முகப்புத் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் ஆறை வரிசையாகப் பாலத்தின் ஆறு கட்டங்களாக எடுத்துக்கொண்டோம். கல்லுக்கு 4 மீட்டர், மொத்தம் 24. ட்ரஸ் உயரமும் 4. லாரிக்குப் பதில் ஒரு சோழி, எடை 1 டன் என்று வைத்துக்கொண்டோம். கவனிப்பது மூன்றாவது கட்டத்தில் நடுவை நோக்கி இறங்கும் சாய்கம்பியை மட்டும்.

சோழி இடப்பக்கத்திலிருந்து 8 மீட்டரில் நின்றால் அந்தக் கம்பியில் 0.47 டன் அமுக்கம். ஒரே கல் தாண்டி 12-க்கு வந்ததும் 0.71 டன் இழுவை! இடையே 9.6-ல் ஒன்றுமே இல்லை. சோழி நிற்கிற இடத்துக்கு நேராக இந்த அளவுகளைக் குறித்து இணைத்தால் இன்ஃப்ளூயன்ஸ் லைன் (ஜெர்மன் பொறியாளர் விங்க்லர் 1867-லேயே காட்டிய வழி).

அப்புறம் நிஜ லாரி. ஒவ்வொரு சக்கர எடையையும் அந்தந்த இடத்துக் கோட்டு உயரத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டியதுதான். அதிகபட்ச இழுவை வேண்டுமானால் 9.6-க்கு வலப்பக்கம் மட்டும் வண்டிகளை நிறுத்த வேண்டும். பாலம் முழுக்க நிரப்பினால், இடப்பக்க வண்டிகள் தரும் அமுக்கத்தால் இழுவை குறைந்துவிடும். அவள் இதை நம்பவே இல்லை, இரண்டு முறை போட்டுப் பார்த்தாள்.

அதற்குள் அவள் அப்பத்தா, அதாவது என் அம்மா, வந்துவிட்டார். "தேங்காயெண்ணெய் போட்டுத் துடைச்ச கல்லுடா, அதுல சாக்பீஸாலயா கிறுக்குறே?"