எட்டு ஃபில்டர்களில் ஒரே வானம்: இதுவரை பார்த்தது

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் மிரி என்ற அகச்சிவப்புக் கருவி எடுத்த ஸ்மைல்ஸ் சர்வே (தொலைதூரப் பேரடைகளின் கணக்கெடுப்பு) படங்களை மாஸ்ட் என்ற இணையக் காப்பகத்திலிருந்து யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஹபிள் தொலைநோக்கி நெடுநேரம் உற்றுப் பார்த்த ‘மிக ஆழப் புலம்’ என்ற வானத் துண்டும் அதன் சுற்றுப்புறமுமாகச் சுமார் 34 சதுர ஆர்க்மினிட், முழுநிலவின் பரப்பில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. 5.6 முதல் 25.5 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளம் வரை எட்டு ஃபில்டர்கள், ஒவ்வொன்றும் ஒரு அலைநீளப் பட்டையை மட்டும் உள்ளே விடும்.

எட்டையும் டிஎஸ்9 என்ற வானியல் படம் பார்க்கும் மென்பொருளில் திறந்து, எல்லாவற்றிலும் வானத்தின் ஒரே இடம் தெரியும்படி வான ஆயத்தொலைவுகளைப் பூட்டி, மாற்றி மாற்றி ஓடவிட்டேன். அலைநீளம் கூடக் கூட நம் பால்வெளியின் விண்மீன்கள் மங்கிப்போகின்றன. தூசி நிறைந்த பேரடைகள் நின்று ஒளிர்கின்றன. 25.5-ல் பின்னணி வெளிச்சமே மங்கலானவற்றை விழுங்கிவிடுகிறது. மிரியை 7 கெல்வினுக்கும் கீழே குளிர்வித்தாலும் தொலைநோக்கியின் கண்ணாடிக்கு அந்தக் குளிர் இல்லையே, அதன் வெப்பமும் படத்தில் விழுகிறது.

அடுத்தது அளவெடுப்பு. 5.6-ல் ஒரு ஒளிப்புள்ளி 0.2 ஆர்க்செகண்ட் (ஆர்க்மினிட்டில் அறுபதில் ஒரு பங்கு) அகலமாகத் தெரிகிறது, 25.5-ல் 0.8. அதனால் எல்லாப் படங்களையும் கடைசிப் படத்தின் மங்கலுக்கு இறக்கி, பிறகுதான் ஃபோட்யூட்டில்ஸ் என்ற பைத்தான் நிரல் தொகுப்பில் ஒளியளவு எடுத்தேன். பொறுமையைச் சோதிக்கும் வேலை, ஆனால் பலன் இங்கேதான். ஒரு பேரடையின் ஒளியளவை அலைநீளத்துக்கு எதிரே வரைந்த வரைபடத்தில் 15 மைக்ரானில் மட்டும் மேடு. தூசியிலுள்ள பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் என்ற கார்பன் மூலக்கூறுகள் 7.7 மைக்ரானில் பலமாக ஒளிர்பவை. அது 15-க்கு நீண்டிருந்தால் செம்பெயர்ச்சி (பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் நீண்ட அளவு) கிட்டத்தட்ட 1. ஏறக்குறைய 800 கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய ஒளி! மேடு 21-ல் வந்தால் செம்பெயர்ச்சி 1.7 பக்கம். ஃபில்டர்கள் அகலமானவை என்பதால் துல்லியம் எதிர்பார்க்கக் கூடாது. ஆனாலும் நிறமாலை வழியே கண்ட மதிப்புகளுக்குப் பெரும்பாலும் பக்கத்தில்தான் வருகிறது.

முந்தைய அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கியான ஸ்பிட்சரின் 24 மைக்ரான் படத்தையும் அருகில் வைத்துப் பார்த்தேன். அதன் கண்ணாடி 85 செ.மீ., வெப்புக்கு 6.5 மீட்டர். ஸ்பிட்சரில் ஒரே திட்டாகத் தெரிந்த சில, இங்கே இரண்டு மூன்று பேரடைகளாகப் பிரிகின்றன.

சிலவற்றில் மேடே இல்லை, ஒளி சீராக ஏறிக்கொண்டே போகிறது. கருந்துளையைச் சுற்றிய சூடான தூசியாக இருக்கலாம். அப்படிப்பட்ட கருந்துளைகள் வழக்கமாக எக்ஸ் கதிரிலும் தெரியும்; இதே பகுதியைச் சந்திரா விண்வெளித் தொலைநோக்கி 70 லட்சம் வினாடிகள் எக்ஸ் கதிரில் பார்த்திருக்கிறது. அந்தப் பட்டியலில் இல்லாமல் இங்கே மட்டும் தெரிபவற்றை அடுத்துப் பிரித்தெடுக்கப் போகிறேன்.