தனியாக ஆடும் திகில் சீட்டாட்டம்: கணக்குதான் உதைக்கிறது

இந்த ஆட்டத்தை வடிவமைத்தவருக்கு ஒரு கருத்து. 52 சீட்டு, ஒரு பகடை, ஒரு ஜெங்கா கோபுரம் (மரக்கட்டைகளை அடுக்கி, சரியாமல் ஒவ்வொன்றாக உருவுவது). பகடையில் விழுந்த எண்ணுக்குச் சீட்டு எடுத்து, அதன் கேள்விக்குப் பதில் எழுதினால் ஒரு நாள் முடியும். நாலாவது ராஜா வந்தாலோ கோபுரம் சரிந்தாலோ ஆள் காலி.

பயம் அருமை, கட்டையை உருவும்போது கை தானாக நடுங்கும். ஆனால் தப்பிக்கும் வழி? நாளுக்குச் சராசரி 3.5 சீட்டு, கடைசி ராஜா வருவது சராசரியாக 42ஆவது சீட்டில். ஆக, 12 நாள். டோக்கன் எல்லாம் தீர்ந்தால்தான் தப்பலாம்; ஆனால் 10 டோக்கன் வைத்து, தினமும் ஒருமுறை பகடை உருட்டி, 6 விழுந்தால்தான் ஒன்று குறையும் என்றால் இரண்டு போனாலே பெரிது. 4 டோக்கன் போதும், 6 மட்டுமல்ல, 5 விழுந்தாலும் ஒன்று குறையட்டும். முதல் நாளே உருட்டத் தொடங்குங்கள்.

கேள்விகளும் முக்கியம். ‘யார் செத்தது?’ ஒரு வரியில் தீரும். ‘கடைசியாக எதைத் தொட்டார்?’ ஒரு பக்கம் ஓடும்.