டெல்டாவில் தொழிற்பேட்டை மனை: மானியத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

சிட்கோ (அரசின் சிறுதொழில் வளர்ச்சிக் கழகம்) மனை என்றதும் பலர் முதலில் கேட்பது மானியம் எவ்வளவு என்றுதான். டெல்டாவில் அதைக் கடைசியில் கேட்டால் போதும். மண்ணிலும் தண்ணீரிலும் கோட்டை விட்டால் எந்த மானியமும் ஈடுகட்டாது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறையிலும் கடலூர், புதுக்கோட்டையின் சில ஒன்றியங்களிலும் உலோக உருக்காலை, தோல் பதனிடும் ஆலை, புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறு போன்றவற்றுக்குத் தடை போடுகிறது. அரிசி ஆலை, தேங்காய் எண்ணெய், தென்னை நார், பண்ணைக் கருவி எதற்கும் தடையில்லை. திருச்சி இந்த மண்டலத்துக்குள் வராது. அங்கே துவாக்குடியில் இரும்பை வெட்டி ஒட்டும் பேப்ரிகேஷன் பட்டறைகள் பெருகியதற்குக் காரணம் பெல் (BHEL) பாய்லர் ஆலை. அந்த ஒரே ஆலையின் ஆர்டரை நம்பியிருந்ததால் பாய்லர் ஆர்டர் குறைந்தபோது அடிபட்டதும் அவைதான்.

வல்லம், செங்கிப்பட்டிப் பக்கம் மேட்டு நிலம், செம்மண். கிழக்கே போகப் போகக் களி. மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அதன்மேல் சாதாரண அஸ்திவாரம் போட்டால் ஷெட் சுவரில் மூலைவாட்டில் விரிசல் விடும். மெஷின் பெட் ஒரு பக்கம் இறங்கும், நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் பெல்ட் ஓரத்தில் உரசி அறுந்துபோகும். இங்கே அண்டர் ரீம்டு பைல், அதாவது அடியில் குமிழ்போல் அகன்ற கான்கிரீட் தூண்தான் சரி. ஆழம் 3.5 மீட்டராவது வேண்டும். சுவரைத் தாங்கும் பிளிந்த் பீமுக்கு அடியில் 80 மி.மீ. காலியாக விட்டால்தான் உப்பும் மண் பீமைத் தூக்காது. வேலையாட்கள் அந்தச் சந்தில் மண்ணைத் தள்ளி மூடிவிடுவார்கள். கூடவே நின்று பார்க்க வேண்டும்.

மனையைச் சித்திரையில் பார்க்காதீர்கள், கார்த்திகையில் பாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, வடிவாய்க்கால் எந்தப் பக்கம் போகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். வாய்க்காலைத் தூர்த்து மனையை உயர்த்தினால் பக்கத்து வயல் மூழ்கும். அடுத்த வாரமே பஞ்சாயத்து வாசலில் நிற்கும்.

புழுங்கல் அரிசி ஆலையை எடுத்துக்கொள்வோம். நெல்லை 65–70 டிகிரி நீரில் 3 முதல் 4 மணி நேரம் ஊறவைத்து, நீராவி காட்டி, ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு வரும்வரை உலர்த்த வேண்டும். ஒரு டன் நெல்லுக்கு ஒரு டன்னுக்கு மேலேயே தண்ணீர் செலவாகும். அது புளித்த வாடையோடு வெளியே வரும். கழிவுநீருக்குத் திட்டம் இல்லாமல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் இசைவு கேட்டுப் பயனில்லை.

கடலோரப் பக்கம் போர் தண்ணீர் உப்பு. சாஃப்ட்னர் வைத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. சாஃப்ட்னர் கடினத்தன்மையைத்தான் எடுக்கும். கால்சியம் போய் அந்த இடத்தில் சோடியம் வரும், டிடிஎஸ், அதாவது கரைந்த உப்பின் மொத்த அளவு, அப்படியே நிற்கும். பாய்லருக்குள் நுரை கட்டி, நீராவியோடு தண்ணீரும் ஏறிவரும். அங்கே உப்பையே சவ்வில் வடிக்கும் ஆர்.ஓ. தேவை. அதில் கழியும் உப்பு நீரை வாய்க்காலில் விடவே கூடாது.

உமிக்குப் பஞ்சமில்லை. 10 டன் நெல்லில் ஏறக்குறைய 2 டன் உமி கிடைக்கும். முழுதும் எரித்தால் 400 கிலோவை ஒட்டிச் சாம்பல். புகைபோக்கிக்கு முன்னால் சைக்ளோன் (புகையிலிருந்து தூசியைப் பிரிக்கும் கருவி) வைக்காவிட்டால் சாம்பலில் பாதி ஊர்க் கொடியில் காயும் துணியில்தான் போய் உட்காரும்.

இனி மானியம். மத்திய அரசின் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான திட்டத்தில் 35 சதவீதம், உச்சவரம்பு 10 லட்சம். திட்ட மதிப்பு 30 லட்சம் என்றால் கணக்குப்படி பத்தரை லட்சம் வரும், கிடைப்பது 10 தான். குறைந்தது 10 சதவீதம், அதாவது 3 லட்சம், கைக்காசு. மீதி 27 லட்சம் வங்கிக் கடன். நில விலை இந்தக் கணக்கில் சேராது. மானியம் கடன் கணக்கோடு இணைந்தது, ரொக்கமாகக் கைக்கு வராது. தை, மாசியில் சம்பா நெல் ஒரே மூச்சில் வரும்போது கொள்முதலுக்குப் பணம் வேண்டுமே, அதற்கு இது உதவாது. அன்றாடச் செலவுக்கான நடைமுறை மூலதனக் கடனை, கட்டடம், இயந்திரத்துக்கான டெர்ம் லோனோடு சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.