ஐந்து ரூபாய் உறையில் பீர்க்கன்: விதைப் பரிமாற்ற நாட்குறிப்பு, 2025

மே 11, ஞாயிறு

விதைப் பரிமாற்றப் பட்டியல் திறந்தாயிற்று. இந்த வருடம் ஆடி 1 ஜூலை 17-ல் வருகிறது. ஜூலை முதல் வாரம் விதை எல்லோர் கையிலும் இருக்க வேண்டுமென்றால் ஜூன் நடுவில் தபாலில் போட வேண்டும். அதற்கு முன் காயவைத்து, முளைப்பும் பார்த்தாக வேண்டும். பின்னாலிருந்து எண்ணிப் பார்த்தால் இன்றைக்கே தாமதம்.

வீட்டில் விளைந்த விதையைத் தபாலில் மாற்றிக்கொள்ளும் எங்கள் குழுவில் நாற்பது சொச்சம் பேர். நேரில் பார்த்துக்கொண்டவர்கள் கிடையாது. பாதிப் பேருக்கு மற்றவர் பெயரும் தெரியாது. "தேனி அக்கா", "வெண்டை சார்", "சிறகவரை தம்பி" என்று ஊரையும் காயையும் வைத்துத்தான் கூப்பிடுகிறோம். புதிதாகச் சேர்பவர்கள் முதல் வரியிலேயே "ஃப்ரீயா விதை கிடைக்குமா" என்று கேட்டால் யாரும் கோபப்படுவதில்லை, பதிலும் சொல்வதில்லை. "எங்க மாடியில காலை வெயில் மட்டும்தான் விழும், அவரை வருமா?" என்று கேட்டவருக்கு அன்று மாலைக்குள் ஆறு பதில்.

பட்டியலில் ஒவ்வொரு விதைக்கும் ஆறு கட்டம்: ஊர்ப்பெயர், விளைந்த ஊர், அறுத்த மாதம், எத்தனை செடியில் எடுத்தது, கையால் மகரந்தம் சேர்த்ததா, பக்கத்தில் அதே இனத்தில் வேறு என்ன இருந்தது. பலர் காலியாக விடுவது கடைசிக் கட்டத்தை. எனக்கு முதலில் கண் போவது அங்கேதான். தக்காளியும் அவரையும் பெரும்பாலும் தன் பூவிலேயே சேர்ந்துவிடும், அவற்றுக்குப் பிரச்சினை குறைவு. கத்தரி, மிளகாய், வெண்டை மூன்றும் தேனீ வந்தால் கொஞ்சம் கலக்கும். பூசணி, சுரை, பீர்க்கன் வகைகளில் ஆண் பூ தனி, பெண் பூ தனி என்பதால் பூச்சி எதைக் கொண்டுவருகிறதோ அதுதான். சான்று விதைப் பண்ணையில் தக்காளிக்கு 25 மீட்டர் இடைவெளி கேட்கிறார்கள், கொடிக்காய்களுக்கு 500 மீட்டர். மாடியில் 500 மீட்டருக்கு எங்கே போவது? அடுத்த தெரு வீட்டுப் பூசணியும் நம் கணக்கில் வந்துவிடும். கட்டம் காலியாக இருந்தால் அந்தக் கொடி விதையை நான் கேட்பதில்லை.

மே 18, ஞாயிறு

இந்த வாரம் முழுக்கக் காயவைப்பு பற்றிய கேள்விகள்தான்.

தக்காளி: நன்றாகக் கனிந்ததைப் பிழிந்து, விதையோடு சாறைக் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் ஒரு நாள் புளிக்க விட வேண்டும். மேலே வெள்ளை ஆடை படியும், விதையைச் சுற்றிய வழவழப்பு கரைந்திருக்கும். நம் ஊர் மே மாதத்துக்கு 24 மணி நேரம் போதும். 48 தாண்டினால் விதை கறுக்கும், சில உள்ளேயே முளைவிடும். அலசிய பிறகு பீங்கான் தட்டில் பரப்பவும். பேப்பரில் பரப்பினால் ஒட்டிக்கொண்டு, பிய்க்கும்போது தோல் உரியும்.

கத்தரியில் காய் மஞ்சளாகப் பழுத்துத் தோல் தொய்ந்த பிறகுதான் விதை முற்றும். சமையலுக்குப் பறிக்கும் பருவத்தில் எடுத்த விதை பார்க்க விதை போலவே இருக்கும், முளைக்காது. வெண்டையைச் செடியிலேயே பழுப்பாகி விளிம்பு வெடிக்கும்வரை விட வேண்டும். சுரையும் பீர்க்கனும் கொடியிலேயே காய்ந்து, ஆட்டினால் கடகடக்க வேண்டும்.

முதல் இரண்டு நாள் நிழல். பிறகு காலை எட்டு மணியிலிருந்து பதினொன்றுவரை வெயில். உச்சி வெயில் ஆகாது. மொட்டைமாடித் தரை கொதிக்கிற சூட்டில் உயிர் போய்விடும். காய்ந்ததா என்று பார்க்க, சுரை விதையை மடக்கினால் "டக்" என்று ஒடிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது. சென்னை, நாகை போன்ற கடலோரக்காரர்களுக்கு வெயில் மட்டும் பத்தாது, இரவில் காற்றின் ஈரத்தை விதை திரும்பக் குடித்துவிடும். விதையின் எடைக்குச் சம எடை சிலிக்கா ஜெல்லைத் துணியில் முடிந்து, மூடி இறுகிய பாட்டிலில் ஒரு வாரம் வைத்தால் தீர்ந்தது. நீல மணிகள் இளஞ்சிவப்பானால் வாணலியில் மெதுவாகச் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம்.

ஈரத்துக்கு இவ்வளவு பாடு ஏன் என்று ஒருவர் கேட்டார். விதையில் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரண்டு மடங்கு. வைக்கும் இடத்தில் 5 டிகிரி குறைந்தாலும் இரண்டு மடங்கு. விதைக்காரர்கள் பழகிய கணக்கு இது. சாம்பலும் வேப்பிலைத் தூளும் வண்டுக்கு நல்லவை. ஈர விதையைச் சாம்பலில் புரட்டி வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பதுதான் தவறு.

மே 25, ஞாயிறு

முளைப்புச் சோதனை. பழைய பருத்தி வேட்டித் துண்டு, இருபது விதை. துணியை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, விதையை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பிச் சுருட்டி, ஜிப் கவரில் காற்று கொஞ்சம் விட்டு மூடவும். கவர் மேல் தேதி. வெண்டையும் அவரையும் ஆறு நாளுக்குள் தெரியும், தக்காளிக்கு ஒரு வாரம், கத்தரிக்குப் பத்து நாள், மிளகாய்க்கு இரண்டு வாரம். மிளகாயை எட்டாம் நாளே தூக்கிப் போட்டுவிட்டு "செத்த விதை" என்று எழுதுகிறவர்கள் எல்லா வருடமும் உண்டு.

இருபதில் பதினான்கு முளைத்தால் 70 சதவீதம். கடையில் விற்கும் தக்காளி, கத்தரி விதைக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சமும் அதுதான். வெண்டைக்கு 65, மிளகாய்க்கும் கொடிகளுக்கும் 60. இதற்குக் கீழே வந்ததை அனுப்பக் கூடாது என்றில்லை. உறையில் எண்ணை எழுதி, விதையைக் கூட்டிப் போட்டால் போதும். எண்ணை மறைப்பதுதான் மரியாதைக் குறைவு.

தண்ணீரில் போட்டு மிதப்பதைக் கழிக்கும் வழக்கம் கத்தரிக்கும் தக்காளிக்கும் சரி. நன்றாகக் காய்ந்த சுரை, பீர்க்கன் விதைக்குள் காற்று இருக்கும், நல்லதும் மிதக்கும். போன வருடம் ஒருவர் இப்படி ஒரு கைப்பிடி நல்ல விதையைக் குப்பைக்கு அனுப்பினார்.

ஜூன் 1, ஞாயிறு

பட்டியலில் "மூக்குத்தி அவரை" என்று வந்ததை வைத்து மூன்று நாள் விவாதம். ஒருவர் படத்தில் இருந்தது சாதாரணக் கொடி அவரை, பிஞ்சு. மூக்குத்தி அவரை பெயரில்தான் அவரை. உறவு முறையில் அது சர்க்கரைவள்ளிக்கிழங்குக் குடும்பம். இலை இதய வடிவம், பூ சாயங்காலத்துக்கு மேல் விரியும், தண்டில் மெல்லிய முள் போன்ற புடைப்புகள். சமைப்பது காயைத் தாங்கும் தடித்த காம்பையும் சேர்த்து. விதை கறுப்பு, முக்கோண விளிம்பு. அவரை விதையில் இருக்கும் வெள்ளைக் கோடு இதில் கிடையாது.

இனி படம் போடுபவர்கள் நான்கு எடுக்கவும்: இலையின் முன்புறம், பின்புறம், பூ, குறுக்கே வெட்டிய காய். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம். தனியாக ஒரு காயைக் கையில் பிடித்த படம் பார்க்க அழகு, அடையாளத்துக்கு உதவாது.

நீல ஸ்ட்ராபெரி, ஏழு நிற ரோஜா விதை "அபூர்வம்" என்று ஒருவர் காசு கேட்டுச் செய்தி அனுப்பிவருகிறார். அப்படிச் செடி இல்லை. ஏழு நிற ரோஜா, வெட்டிய காம்பைப் பிளந்து சாயத் தண்ணீரில் நிறுத்துவது. காசு கைமாறும் இடம் இந்தக் குழு இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டோம்.

ஜூன் 15, ஞாயிறு (ஆனி 1)

உறை போடும் நாள். விலாசத்தைக் குழுவில் எழுதாதீர்கள், இருவருக்குள் மட்டும். பெண்கள் பலர் அலுவலக விலாசமோ கடை விலாசமோ தருகிறார்கள். அதுவே நல்லது, காரணம் கேட்க வேண்டாம்.

20 கிராம்வரை சாதாரணத் தபாலுக்கு ஐந்து ரூபாய் தபால்தலை. ஏ4 தாள் ஒன்று 5 கிராம். உறையும் சிட்டையும் போக 12 கிராம்போல விதைக்கு மிஞ்சும். தக்காளி 30 விதை கிராமில் பத்தில் ஒரு பங்குகூட வராது. எடையைத் தின்பது சிறகவரையும் சுரையும்தான். நாங்கள் வைத்திருக்கும் அளவு: தக்காளி, கத்தரி, மிளகாய் தலா 30, வெண்டை 20, சிறகவரை 10, கொடிக்காய் 8. கொடியில் எட்டுக்குக் குறைத்தால் பிழைப்பது இரண்டு மூன்று செடி, அடுத்த வருடம் திருப்பித் தர நல்ல விதை எடுக்க முடியாது.

முதலில் சின்னக் காகித உறை, அதன்மேல் பென்சிலால் பெயர், ஊர், மாதம், முளைப்பு எண். மைப்பேனா ஈரத்தில் ஊறும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ஜிப் கவர். காயாத விதையை ஜிப் கவரில் போட்டால் நான்கு நாளில் பூஞ்சை. பிறகு அட்டை: பிஸ்கட் பெட்டியை வெட்டி, நடுவில் விதை அளவுக்குக் குழி போல் ஜன்னல் எடுத்து, இரண்டு பக்கமும் தாள் ஒட்டினால் விதை நசுங்காது. தபால்தலை ஒட்டும் மூலைக்கு நேர் கீழே விதை வரவே கூடாது. முத்திரை அங்கேதான் விழும். அவரை விதை இரண்டாகப் பிளந்து வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

தேனி அக்கா உறைக்குள் ஒரு துண்டுத் தாள் வைப்பார்: "மூணாவது இலை வந்ததும் நுனி கிள்ளுங்க. எங்க வீட்டுல சாம்பல் பூச்சி வந்துச்சு, உங்களுக்கும் வரலாம்." வணக்கமும் இல்லை, நலம் விசாரிப்பும் இல்லை. அதை ஒட்டி வைத்திருப்பவர்கள் பலர்.

ஜூன் 22, ஞாயிறு

டொராண்டோவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் விதை கேட்டார்கள். அனுப்ப முடியாது. அவர்கள் அனுப்புவதை நாம் வாங்கவும் முடியாது. வெளிநாட்டு விதைக்கு இறக்குமதி அனுமதியும் பயிர் நலச் சான்றும் வேண்டும் என்று 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடை ஆணை சொல்கிறது. ஒரு உறையில் ஒரு வைரஸ் வந்தால் போதும். அவர்களோடு பேச்சு நிற்கவில்லை. டொராண்டோவில் மே கடைசியில்தான் வெளியே நட முடியும் என்பதால் பீர்க்கனை வீட்டுக்குள் தொட்டியில் தொடங்கும் கணக்கை அவர்களிடம்தான் கற்றோம்.

உள்நாட்டில் தயக்கம் வேண்டாம். பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமை பற்றிய 2001-ஆம் ஆண்டுச் சட்டம் உழவர் தன் விளைச்சலில் எடுத்த விதையைச் சேமிக்கவும் மாற்றிக்கொள்ளவும் உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தைப் பிராண்டு பெயரிட்டு விற்பதுதான் கூடாது.

ஜூலை 6, ஞாயிறு

உறைகள் வந்துவிட்டன. இரண்டு குறை. ஒன்றில் வெண்டை விதை இளஞ்சிவப்பு நிறத்தில் இருந்தது. அது பூஞ்சைக்கொல்லி பூசிய கடை விதை. அனுப்பியவர் புதியவர், பாக்கெட்டில் எஃப்1 என்று இருந்ததைக் கவனிக்கவில்லை. எஃப்1 என்றால் வீரிய ஒட்டு ரகம். அந்தச் செடியில் எடுத்த விதை அடுத்த முறை பல விதமாகப் பிரியும், பழைய காய் வராது. திட்டவில்லை. பட்டியலில் அந்த வரிக்கு "கடை விதை" என்று எழுதிவிட்டோம்.

இன்னொன்றில் சுரை. விளைந்த கொடியில் ஒரு காய் கசந்ததாக அனுப்பியவரே எழுதியிருந்தார். அதை யாரும் விதைக்க வேண்டாம். கசப்புச் சுரை வாந்தியும் ரத்தப்போக்கும் வரை கொண்டுபோகும். விதைக்கு விடும் கொடியில் ஒரு பிஞ்சை நறுக்கி நுனிநாக்கில் தொட்டுப் பாருங்கள், கசந்தால் துப்பிவிட்டுக் கொடியை அறுத்துவிடுங்கள். எழுதிச் சொன்னவருக்கு நன்றி. மறைத்திருந்தால் எட்டு வீட்டுச் சமையலறைக்குப் போயிருக்கும்.

ஜூலை 20, ஞாயிறு (ஆடி 4)

விதைப்பு. சிறகவரை, மூக்குத்தி அவரை இரண்டும் தோல் கல் மாதிரி. விதையின் கண்ணுக்கு எதிர்ப்பக்கம் நகவெட்டியால் லேசாகக் கீறி, வெதுவெதுப்பான நீரில் இரவு முழுக்க ஊறவைக்கவும். காலையில் உப்பியதை மட்டும் நடவும். உப்பாததை மறுபடி கீறவும். கண் பக்கம் கீறினால் முளை காயப்படும்.

நாற்று அழுகல் வராமலிருக்க டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைத் தூள், கிலோ விதைக்கு 4 கிராம் என்பது பண்ணைக் கணக்கு. முப்பது விதைக்கு ஒரு சிட்டிகைகூட அதிகம், ஈர விரலில் ஒட்டியதைப் புரட்டினால் போதும். கோகோபீட்டை (தேங்காய் நார்த் தூள்) மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே கலக்கவும். உப்பு நின்றால் தக்காளி நாற்று விளிம்பு கருகி அப்படியே நிற்கும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பீர்க்கன் பூ. இதற்காகத்தான் இவ்வளவும். பீர்க்கன் சாயங்காலம் விரியும், நுரைப்பீர்க்கன் விடியற்காலை. இரண்டும் ஒன்றோடொன்று சேரக்கூடியவை. நேரம் வேறு என்று நம்பி விட்டுவிடக் கூடாது, மாலையில் விரிந்த பூ மறுநாள் காலையிலும் திறந்திருக்கும்.

நான்கு மணிக்கு, நுனியில் மஞ்சள் எட்டிப் பார்க்கும் மொட்டைத் தேடவும். அன்றைக்கு விரியப் போவது அதுதான். ஒரு பெண் மொட்டு, வேறு கொடியில் இரண்டு ஆண் மொட்டு. மூன்றையும் நூலால் நுனியில் கட்டவும். ஆறரைக்கு ஆண் பூவைக் காம்போடு பறித்து, இதழை உரித்து, பெண் பூவின் சூல்முடியில் மூன்று மடலிலும் தடவவும். ஒரு மடலை விட்டால் காய் ஒரு பக்கம் சூம்பி வளையும். உடனே ஆர்கன்சா பை, அதாவது மெல்லிய வலைத்துணிப் பை, மாட்டவும். மறுநாள் மாலை பையை எடுத்துவிட்டு, காம்பில் சிவப்பு உல்லன் நூல் தளர்வாகக் கட்டவும், இல்லையென்றால் வீட்டில் யாராவது கூட்டுக்குப் பறித்துவிடுவார்கள்.

வெண்டை சார் வீடியோவில் காட்டும்போது கைதான் தெரிகிறது, கட்டைவிரலில் பழைய தழும்பு. குரலும் அந்தக் கையும்தான் எங்களுக்கு அவர்.

நவம்பர் 2, ஞாயிறு

சிறகவரை பூத்தது, இளநீலம். பகல் குறையும்போதுதான் இது பூக்கும். போன தையில் விதைத்தவருக்குக் கோடை முழுக்க இலை மட்டும், "மலட்டு விதை" என்று புகார். அவர் பிடுங்காமல் விட்ட அந்தக் கொடியிலும் போன வாரம் பூ. படம் அனுப்பியிருக்கிறார், ஒரு ரூபாய் நாணயத்தோடு.

ஒவ்வொரு கொடியிலும் முதலில் வரும் நான்கு காயை விதைக்கு விட்டுவிடுங்கள். கடைசியில் வருவது மழையில் நனைந்து கொடியிலேயே அழுகும். பட்டியலின் ஏழாவது கட்டம் இன்று திறந்தது: வாங்கியவர் எழுத வேண்டிய முளைப்பு எண். இருபத்தோரு வரி நிரம்பியிருக்கிறது. மற்றவர்கள் இந்த வாரத்துக்குள் எழுதவும், பூஜ்யமானாலும்.