திருப்பி அனுப்பிய லென்ஸும் திரும்பி வராத பணமும்

மார்ச் 3

இணையக் கடையிலிருந்து இன்று மின்னஞ்சல் வந்தது. நான் திருப்பி அனுப்பிய பார்சலில் நான் வாங்கிய பொருள் இல்லை, வேறொரு பொருள்தான் இருந்தது, ஆகவே பணத்தைத் திருப்பித் தர இயலாது என்பது அதன் சாரம். நான் வாங்கியது 70-200 மி.மீ. ஜூம் லென்ஸ். தொலைவில் உள்ளவற்றைப் படமெடுக்கும்போது ஆட்டோஃபோகஸ் ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் முன்னும் பின்னும் அலைந்தது. அந்தக் குறையைக் குறிப்பிட்டு, கெடுவுக்குள், கடை ஏற்பாடு செய்த கூரியரிலேயே அதைத் திருப்பி அனுப்பினேன். கிடங்கில் பெட்டியைத் திறந்தபோது உள்ளே பழைய 18-55 மி.மீ. கிட் லென்ஸ் (கேமராவோடு சேர்த்து விற்கப்படும் சாதாரண லென்ஸ்) ஒன்று இருந்ததாம். அதற்கு ஒரு புகைப்படம்கூட இணைக்கப்படவில்லை. அந்த லென்ஸின் சீரியல் எண் என்ன, பெட்டியை யார் எப்போது திறந்தார்கள் என்ற விவரங்களும் இல்லை.

பணம் முடங்கிக் கிடப்பதைவிட, நான் ஏமாற்ற முயன்றேன் என்று சொல்லாமல் சொல்லியிருப்பதுதான் எனக்கு அதிகமாக உறைக்கிறது.

மார்ச் 4

ஒரு பார்சல் வாடிக்கையாளரிடமிருந்து கிடங்கின் பரிசோதனை மேசைக்குப் போய்ச் சேர்வதற்குள் பல கைகள் மாறுகிறது. வீட்டுக்கு வந்து வாங்கிச் செல்லும் ஊழியர், கூரியரின் கிளை, பார்சல்களைப் பிரித்து அனுப்பும் மையம், வண்டி, கிடங்கின் வரவுப் பகுதி ஆகியவற்றைக் கடந்துதான் அது பெட்டியைத் திறந்து பார்ப்பவரிடம் வருகிறது. இவற்றில் எந்த இடத்திலும் பொருள் மாறக்கூடும். பரிசோதனை மேசையில் ஒரே நேரத்தில் சில பெட்டிகள் திறந்து கிடந்தால், ஒன்றிலிருந்து எடுத்த லென்ஸ் இன்னொன்றின் பார்கோடில் பதிவாவதற்குத் திருட்டு நடந்திருக்க வேண்டியதில்லை, கவனக்குறைவே போதும். ஊழியர் பார்கோடை ஸ்கேன் செய்த நொடிவரைதான் பார்சல் என் கையில் இருந்தது. ஆகவே ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் என்ன பதிவானது என்பதே இந்த வழக்கின் உயிர்நாடி. என் மீது பழி சுமத்துகிறவர்கள் தங்கள் பக்கத்துப் பதிவுகளை எடுத்து வைத்தாக வேண்டும்.

முதலில் என் பக்கத்துப் பதிவுகளை எடுத்து வைத்தேன். குறையைக் காட்டுவதற்காக எடுத்த சோதனைப் படங்கள் மெமரி கார்டில் அப்படியே இருக்கின்றன. ஒவ்வொரு படத்துக்குள்ளும் எக்ஸிஃப் என்னும் தகவல் தொகுப்பு பதிந்திருக்கும். 2010-இல் வெளியான அதன் 2.3 பதிப்பிலிருந்து, கேமராவின் சீரியல் எண்ணோடு லென்ஸின் சீரியல் எண்ணையும் பதிவதற்குத் தனி இடம் உண்டு. எல்லாக் கேமராக்களும் அதை நிரப்புவதில்லை, என்னுடையது நிரப்பியிருக்கிறது. படத்தில் பதிந்துள்ள எண்ணும், பில்லில் அச்சாகியுள்ள எண்ணும், லென்ஸைப் பெட்டியில் வைத்து மூடுவதற்கு முன் எடுத்த படத்தில் அதன் பிடிப்பகுதிக்கு அருகே தெரியும் எண்ணும் ஒன்றே.

ஆனால் இது மட்டும் போதாது என்பதையும் நான் அறிவேன். அந்த லென்ஸ் என்னிடம் இருந்தது என்பதைத்தான் எக்ஸிஃப் காட்டும். பெட்டியை மூடிய பிறகு என்ன நடந்தது என்பதை அது சொல்லாது. தவிர, அந்தத் தகவலை மென்பொருள் கொண்டு மாற்றவும் முடியும்.

அதனால்தான் எடை முக்கியமாகிறது. கூரியர் ரசீதில் இரண்டு எடைகள் உள்ளன. கட்டணத்துக்குரிய எடை 2.4 கிலோ என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. இது தராசில் நிறுத்த எடை அன்று, வால்யூமெட்ரிக் எடை. பெட்டியின் நீள, அகல, உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்துப் பெறுவது. என் பெட்டி 30, 20, 20 என்ற அளவுள்ளது, பெருக்கினால் 12,000, வகுத்தால் 2.4. பெட்டிக்குள் வெறும் காகிதத்தை அடைத்து அனுப்பியிருந்தாலும் இதே எண்தான் வந்திருக்கும், ஆகவே இது எனக்குச் சான்றாகாது. அதற்குக் கீழே சிறிய எழுத்தில் உண்மை எடை 2.12 கிலோ என்று அச்சாகியிருக்கிறது. என் லென்ஸ் மட்டுமே ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. உறை, ஹூட், அட்டைப் பெட்டிகள் எல்லாம் சேர்ந்தால் இந்த எடை பொருந்துகிறது. 18-55 மி.மீ. கிட் லென்ஸோ ஏறக்குறைய இருநூறு கிராம்தான். ஒரு கிலோவுக்கு மேற்பட்ட வேறுபாட்டைத் தராசின் பிழை என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது.

மார்ச் 6

கடைக்கு எழுத்து மூலம் விரிவான மறுப்பை அனுப்பினேன். கோபத்தை அதில் காட்டவில்லை. ஆர்டர் எண், ரிட்டர்ன் எண், டிராக்கிங் எண் மூன்றையும் முதல் வரியிலேயே கொடுத்தேன். அவர்கள் பெற்றதாகச் சொல்லும் லென்ஸின் சீரியல் எண், பெட்டியின் மேல் ஒட்டியிருந்த லேபிள் தெரியும்படியான படம், கிடங்கின் வரவுப் பகுதியில் பதிவான எடை, பெட்டியைத் திறந்த தேதியும் நேரமும், பரிசோதனை மேசையின் கேமராப் பதிவு இருந்தால் அது ஆகியவற்றைத் தருமாறு கேட்டேன். சோதனைப் படங்களை மூலக் கோப்புகளாகவே இணைத்தேன். சாட் செயலிகளில் சாதாரணப் படமாக அனுப்பினாலும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினாலும் எக்ஸிஃப் தகவல் உதிர்ந்துபோகும். அதன் பிறகு அது சான்று என்ற மதிப்பை இழந்துவிடும்.

வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசியவர் மரியாதையாகவே பேசினார், ஆனால் "முடிவு இறுதியானது" என்பதைத் தாண்டி அவரால் எதுவும் சொல்ல முடியவில்லை. அவர் மேசையில் அது இறுதியாக இருக்கலாம், அவருக்கு மேலும் மேசைகள் உண்டு. பேசி முடித்ததும், யாரிடம் எப்போது பேசினேன், என்ன சொல்லப்பட்டது என்பதைச் சுருக்கி அதே மின்னஞ்சல் தொடரில் எழுதி அனுப்பிவிட்டேன். தொலைபேசியில் சொன்ன சொல்லுக்கு என்னிடம் வேறு சாட்சி கிடையாது.

மார்ச் 9

கேட்ட ஆவணங்கள் எவையும் வரவில்லை. மாறாக, "தவறான பொருளை" என் முகவரிக்கே திருப்பி அனுப்புவதாகவும், ஏற்க மறுத்தால் அது அப்புறப்படுத்தப்படும் என்றும் எழுதியிருக்கிறார்கள். கேட்பதற்கு இது சலுகை போலத் தோன்றும். ஆனால் அந்த லென்ஸை நான் கையெழுத்திட்டு வாங்கினால், அது என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டதாக நாளை எடுத்துக்காட்டப்படலாம். அது எனக்குச் சொந்தமானதன்று, வேறு யாரோ ஒரு வாடிக்கையாளருடையதாக இருக்கலாம், இந்தத் தகராறு தீரும்வரை அதை அழிக்காமல் சான்றாகப் பாதுகாக்க வேண்டும் என்று பதில் எழுதினேன்.

மார்ச் 13

கடையின் பதிலுக்காகக் காத்திருக்கையில் வங்கியின் கெடு கடந்துவிடக் கூடாது என்பதால், கார்டு வழங்கிய வங்கியில் சார்ஜ்பேக் கோரிக்கையை, அதாவது கார்டில் செலுத்திய பணத்தைக் கடையிடமிருந்து மீட்டுத் தருமாறு கேட்கும் கோரிக்கையை, பதிவு செய்தேன். விசா, மாஸ்டர்கார்டு ஆகியவற்றின் விதிகளில் இத்தகைய நுகர்வோர் தகராறுகளுக்குப் பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு, ஆனால் வங்கிகள் அதைவிடக் குறைந்த கெடுவை வைத்திருக்கவும் கூடும். குறையுள்ள பொருள் தொடர்பான விசாவின் பிரிவு 13.3. அதன்படி, பொருளைத் திருப்பி அனுப்பினேன் அல்லது அனுப்ப முயன்றேன் என்பதை நான் காட்ட வேண்டும். அதற்குக் கூரியர் ரசீதும் கிடங்கில் பெற்றுக்கொண்டதற்கான டிராக்கிங் பதிவும் போதும். கடைக்கும் தன் ஆவணங்களோடு எதிர்வாதம் வைக்க உரிமை உண்டு, இதை நான் வரவேற்கிறேன். என்னிடம் காட்ட மறுத்த ஆவணங்களை வங்கியிடமாவது அவர்கள் காட்டியாக வேண்டும்.

மார்ச் 19

வேறொரு பிரிவிலிருந்து, முதன்முறையாகப் பெயர் குறிப்பிட்ட ஓர் அலுவலர் எழுதியிருக்கிறார். பரிசோதனையின்போது எடுத்த படமும் கிடங்கின் வரவுக் குறிப்பும் இணைக்கப்பட்டிருந்தன.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேசைமேல் அந்தக் கிட் லென்ஸ், முன்மூடி இல்லாமல் சாய்ந்து கிடக்கிறது. அதன் அருகில் இருப்பது நான் அனுப்பிய அட்டைப் பெட்டியே அன்று, கிழித்துத் திறக்கப்பட்ட, உள்ளே குமிழித்தாள் வைத்த ஒரு பிளாஸ்டிக் உறை. அதன் லேபிள் பாதி மடிந்திருந்தாலும் டிராக்கிங் எண்ணின் கடைசி இலக்கங்கள் தெளிவாகத் தெரிகின்றன, அவை என் எண்ணுடையவை அல்ல. வரவுக் குறிப்பிலோ என் டிராக்கிங் எண்ணுக்கு நேரே "அட்டைப் பெட்டி, 2.11 கிலோ" என்று இருக்கிறது. என் பெட்டி மூடிய நிலையில், குறையாத எடையோடு கிடங்கின் வாசலுக்குள் போயிருக்கிறது என்பதை அவர்களுடைய தராசே சொல்கிறது. இந்தப் படமும் குறிப்பும் தொடக்கம் முதலே அவர்களிடம் இருந்தவைதானே! என்னைக் குற்றம் சாட்டுவதற்கு முன் யாராவது ஒருவர் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

லேபிளையும் உறையையும் வட்டமிட்டுக் காட்டி, எடைக் குறிப்போடு கூரியர் ரசீதையும் ஒரே பக்கத்தில் வைத்து, அதே அலுவலருக்கு அனுப்பினேன். வங்கிக்கும் அதன் நகலை அனுப்பியிருக்கிறேன்.

மார்ச் 24

முழுத் தொகையையும் திருப்பித் தருவதாகக் கடை ஒப்புக்கொண்டது. "உள் பரிசீலனைக்குப் பின்" என்று மட்டும் காரணம் எழுதியிருந்தார்கள். அது எனக்குப் போதவில்லை. தவறான பொருளை அனுப்பியவர் என்ற குறிப்பு என் கணக்கில் இருந்தால், அடுத்த முறை நான் நியாயமாக எதையேனும் திருப்பி அனுப்பும்போது அதுவே எனக்கு எதிராக நிற்கும். ஆகவே அந்தக் குறிப்பை நீக்கி, நீக்கியதை எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும் என்று கேட்டேன்.

மார்ச் 28

பணம் கணக்கில் வந்து சேர்ந்தது. ஒரே பொருளுக்கு இருமுறை பணம் வந்துவிடக் கூடாது என்பதால், உடனே வங்கியைத் தொடர்புகொண்டு சார்ஜ்பேக் கோரிக்கையைத் திரும்பப் பெற்றேன். மாலையில் அந்த அலுவலரிடமிருந்து பதில் வந்தது. கிடங்கில் இரண்டு ரிட்டர்ன்கள் மாற்றிப் பதிவாகிவிட்டன என்றும், என் கணக்கிலிருந்த குறிப்பு நீக்கப்பட்டது என்றும், தவறுக்கு வருந்துவதாகவும் எழுதியிருக்கிறார். அந்தக் கிட் லென்ஸை அனுப்பியவருக்கும் அவருடைய பணம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.