ஊருணிக் கணக்கு கிராம சபைக்கு வந்த வழி

செட்டிநாட்டு ஊர்களில் ஊருணி என்பது ஏதோ ஓர் இடத்தில் தனியாக வெட்டிய பள்ளம் அல்ல. வளவு வீடுகளின் ஓட்டுக்கூரையில் விழும் மழை முற்றத்தில் இறங்கி, வெளியேறித் தெருவோரக் கால்வாயில் சேர்ந்து, வரத்துக்கால் வழியாக ஊருணிக்குப் போகும்படி முன்னோர் சரிவு பார்த்தே ஊரை அமைத்தார்கள். எங்கள் ஊர் ஊருணியைத் தூர்வாரி, செம்புராங்கல் படிகளைப் பழுதுபார்த்து, வரத்துக்காலையும் சீரமைத்ததாக ஊராட்சிக் கணக்கில் செலவு எழுதி முடித்த பிறகும், அந்த ஆண்டு ஐப்பசி, கார்த்திகை மழையில் அதில் முழங்கால் தண்ணீர்கூட நிற்கவில்லை. அந்த வேலையின் கணக்கை ஊரார் முன்னால் திறந்து வைக்கச் செய்வதற்கு நாங்கள் பட்ட பாட்டை, இதே நிலையில் இருக்கும் மற்ற ஊர்க்காரர்களுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நான் எங்கள் தெரு மகளிர் சுய உதவிக் குழுவின் செயலாளர். வணிகவியல் படித்தவள் என்பதால் குழுவின் கணக்கேடுகளை நான்தான் எழுதுகிறேன்.

ஊருணி வேலை தொடங்கிய நாளும் முடிந்த நாளும் ஊரில் எல்லாருக்கும் நன்றாக நினைவிருக்கின்றன. இரண்டு நாட்களிலும் சாமியானா போட்டார்கள், பிளெக்ஸ் கட்டினார்கள், நாதஸ்வரம் வைத்தார்கள். மண்வெட்டிக்கு மஞ்சள் குங்குமம் இட்டுப் பூமி பூசை நடந்தது. வந்தவர்களுக்கெல்லாம் பொன்னாடை போர்த்தப்பட்டது. எங்கள் குழுப் பெண்களை ஒரே நிறச் சேலையில் ஆரத்தித் தட்டோடு இரு வரிசையாக நிற்கச் சொன்னார்கள், நாங்களும் நின்றோம். அத்தனை பேர் பேசியும் வேலையின் நீளம் என்ன, ஆழம் என்ன, தொகை என்ன என்பதை ஒருவரும் சொல்லவில்லை. கரையில் நட்டிருந்த பணி விவரப் பலகையில் வேலையின் பெயரும் திட்டத்தின் பெயரும் பளிச்சென்று எழுதப்பட்டிருந்தன. மதிப்பீட்டுத் தொகைக்கும் பணி முடிந்த நாளுக்கும் விட்டிருந்த இடம் வெறுமையாகவே இருந்தது.

விழா நடத்துவதை நான் குறை சொல்லவில்லை. எதையும் சீரும் சிறப்புமாகச் செய்து பழகிய சீமை இது. ஆனால் எங்கள் ஊரில் கோயில் திருவிழா முடிந்து பந்தல் பிரித்த பிறகு, வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு என்று பொதுவில் படிப்பார்கள். யாருக்காவது ஐயம் இருந்தால் அங்கேயே ரசீதை எடுத்துக் காட்டுவார்கள். அந்த வாசிப்பும் திருவிழாவின் ஒரு பகுதி என்றே ஊர் கருதுகிறது. மக்களின் வரிப்பணத்தில் நடந்த வேலைக்கு மேளதாளம் மட்டும் நடந்து, கணக்கு வாசிப்பு நடக்கவில்லை என்பதுதான் எங்கள் குறை.

கணக்கு வாசிப்பதற்கென்று சட்டம் ஏற்படுத்திய இடம் கிராம சபை. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் அதற்கு இடம் தந்தது. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களில் கூடிவந்த சபை, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் கூடுகிறது. 501 முதல் 3000 பேர் வரை வாழும் ஊராட்சியில் குறைந்தது 100 பேர் வந்திருக்க வேண்டும். இதைத்தான் ஊரில் ‘கோரம்’ என்கிறார்கள். அந்த நூறு பேரைச் சேர்க்கும் பொறுப்பு எங்களைப் போன்ற குழுக்களின் தலையிலும், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களின் தலையிலும்தான் விழும். பந்தலுக்குள் நுழையும்போதே வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். 2023 சனவரி 26 அன்று நான் பதிவேட்டோடு சேர்த்துத் தீர்மானப் புத்தகத்தையும் புரட்டிப் பார்த்தேன். முந்தைய சபையில் நாங்கள் இட்ட கையெழுத்துகளுக்கு மேலே இரண்டு பக்கங்கள் எதுவும் எழுதப்படாமல் இருந்தன. கூட்டம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, அங்கே எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்பதுதானே அதன் பொருள்.

அன்றைய சபையில் வந்திருந்த அலுவலர் குடவோலை முறையைப் பற்றி உருக்கமாகப் பேசினார். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைத் தமிழர் பெருமையாகச் சொல்லாத கூட்டம் இல்லை. அதே கல்வெட்டில், வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி குடவோலைக்குத் தகுதியற்றவர் என்று இருக்கிறது. நான் எழுந்து அதைச் சொல்லி, ஊருணி வேலையின் மதிப்பீடும் செலவும் எவ்வளவு என்று கேட்டேன். “அதெல்லாம் ஒன்றிய அலுவலகத்துலதாம்மா இருக்கும், அங்கே கேட்டுக்குங்க” என்றார் ஊராட்சி செயலர். தீர்மானங்கள் வேகமாகப் படிக்கப்பட்டன, கைதட்டினார்கள், தேநீர் வந்தது.

வீடு திரும்பும் வழியில் எங்கள் தெரு ஆச்சி ஒருவர் என்னை நிறுத்தினார். அந்த ஊருணியில் குடிதண்ணீர் மொண்டு வளர்ந்தவர். “ஏ ஆத்தா, தண்ணி வருதா வரலையான்னு கேக்காத. வரும்னுதான் சொல்லுவாக. எத்தனாவது படி வரைக்கும் வரும்னு கேளு” என்றார். நாங்கள் அடுத்து எழுதிய எல்லா மனுக்களும் அந்தச் சொல்லை ஒட்டியே அமைந்தன. ‘முறைகேடு நடந்துள்ளது, நடவடிக்கை எடுங்கள்’ என்று எழுதினால் ‘அவ்வாறு எதுவும் நடைபெறவில்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். எத்தனை மீட்டர், யார் அளந்தது, எந்தத் தேதியில் என்று கேட்டால் எண்ணையும் பெயரையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனுவால் பயன் கிடைக்கவில்லை. எண் போட்ட ரசீது கிடைத்தது. சில வாரங்களில் ‘தங்கள் மனு தொடர்புடைய அலுவலருக்கு அனுப்பி வைக்கப்பட்டுள்ளது’ என்ற செய்தியோடு அது தீர்வு கண்ட மனுக்களில் ஒன்றாகிவிட்டது. மனுவை அனுப்பி வைப்பதையே தீர்வாகக் கணக்கிடும் வழக்கம், மனு கொடுப்பவரின் நம்பிக்கையைத்தான் முதலில் கெடுக்கிறது.

அடுத்ததாக, ஊராட்சிகளின் செலவுச் சீட்டுகள் ஏற்றப்படும் இ-கிராம சுவராஜ் இணையதளத்தை என் மகளின் உதவியோடு பார்த்தோம். 15-ஆவது நிதிக் குழு மானியத்திலிருந்து ஊருணி வேலைக்கு எந்தத் தேதியில் எவ்வளவு பணம் வழங்கப்பட்டது என்பது அங்கே இருந்தது. இதைப் பார்ப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்தால் போதும். ஆனால் அதில் தொகை தெரியுமே தவிர, அந்தத் தொகைக்கு எத்தனை கன மீட்டர் மண் வெட்டப்பட்டது என்பது தெரியாது. அதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான் வழி.

2005-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் பலருக்கும் தெரியாத ஒரு வசதி இருக்கிறது. ஆவண நகல் கேட்பதோடு, பிரிவு 2(ஜே)-யின்படி, பதிவேடுகளையும் நடந்த வேலையையும் நேரில் பார்வையிட்டுக் குறிப்பெடுக்கும் உரிமையையும் கேட்கலாம். பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, மதிப்பீடு, அளவைப் புத்தகம், பட்டியல் (பில்) ஆகியவற்றின் நகல்களையும், அவற்றை நேரில் பார்வையிட அனுமதியையும் கேட்டு, பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும், வரவில்லை. அந்தக் கெடு முடிந்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும் என்பதால் காலம் கடத்தாமல் அதையும் அனுப்பினோம். தகவல் தராமல் தாமதிக்கும் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், அதிகம் போனால் 25,000 ரூபாய் வரை தகவல் ஆணையம் தண்டம் விதிக்கலாம் என்பதை அதில் நினைவூட்டியிருந்தோம். ஆணையம் வரை போக வேண்டிய தேவை எங்களுக்கு ஏற்படவில்லை. மேல்முறையீட்டு அலுவலர் பார்வையிட நாள் குறித்து உத்தரவு அனுப்பினார்.

அளவைப் புத்தகத்தை அலுவலகங்களில் ‘எம்-புக்’ என்பார்கள். அரசு வேலையில் பணத்துக்கும் மண்ணுக்கும் இடையில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். அதில் எழுதிய அளவுக்குத்தான் ஒப்பந்தக்காரருக்குப் பணம் போகும். பெஞ்சில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தோம். வரத்துக்கால் மண்வேலைக்கு நேராக நீளம் 420 மீட்டர், அகலம் 1.50 மீட்டர், ஆழம் 0.60 மீட்டர், ஆக 378 கன மீட்டர் என்று இருந்தது. கீழே அளந்தவரின் கையெழுத்தும் தேதியும், அதற்குக் கீழே சரிபார்த்தவரின் கையெழுத்தும் அதே தேதியும் இருந்தன. பதிவேட்டை எடுத்துக் கொடுத்த இளம் எழுத்தர், எந்தப் பத்தியை எப்படிப் படிக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லித் தந்தார். அந்த நேர்மையான உதவியை நான் மறக்க மாட்டேன்.

மறுநாள் காலையில் குழுப் பெண்கள், நூறு நாள் வேலை செய்பவர்கள், ஆயக்கட்டு விவசாயிகள் இருவர் என்று கூடி, கொத்தனாரிடம் நாடா வாங்கிக்கொண்டு வரத்துக்காலை அளந்தோம். நூறு நாள் வேலையில் குழி வெட்டி அளந்து கூலி வாங்கியவர்களுக்கு அளவு சொல்லித் தர வேண்டியதில்லை. ஊருணி மடையிலிருந்து 260 மீட்டர் வரை கால் வெட்டப்பட்டிருந்தது. அங்கே சாலையைக் கடக்கும் சிறுபாலம் வருகிறது. அதன் குழாய் வாய் வரை மண் மூடி, அந்தப் பக்கம் சீமைக்கருவேல மரங்கள் ஆள் உயரத்துக்கு நின்றன. அவற்றின் அடிமரத் தடிமனைப் பார்த்தாலே அந்த 160 மீட்டரில் பல ஆண்டுகளாக மண்வெட்டி படவில்லை என்பது தெரியும். நீளத்தில் மட்டுமே 144 கன மீட்டர் குறைந்தது. ஊருணிக்குள் ஆழத்தை எங்களால் சரிபார்க்க முடியவில்லை. கையால் வெட்டிய காலத்தில், எவ்வளவு ஆழம் வெட்டினோம் என்பதற்கு அடையாளமாக நடுநடுவே மண் திட்டுகளை வெட்டாமல் விட்டு, அளந்த பிறகே எடுப்பார்கள். பொக்லைன் வந்த வேலையில் அப்படி ஒரு திட்டும் விடப்படவில்லை. நிரூபிக்க முடியாததை எழுத வேண்டாம் என்று முடிவுசெய்து, வரத்துக்காலை மட்டும் எழுதினோம்.

ஆகஸ்டு 15 சபைக்கு நாங்கள் யாரும் கேட்காமலே திரண்டு போனோம். வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடும் முன்பு, சென்ற சபைத் தீர்மானங்களையும் அவற்றின் மேல் எடுத்த நடவடிக்கையையும் முதலில் படிக்க வேண்டும் என்று கேட்டோம். நூறு பேர் கையெழுத்து இல்லாவிட்டால் சபை செல்லாது என்பது மேடையில் இருந்தவர்களுக்கும் தெரியும். பிறகு அளவைப் புத்தக நகலையும் நாங்கள் அளந்த அளவையும் அருகருகே வைத்துப் படித்தேன். சத்தம் கொஞ்சம் எழுந்தது. “வேலை செஞ்சது மழையில தூர்ந்திருக்கும்” என்றார் ஒருவர். “கருவேல மரமும் ஒரு மழையில முளைச்சுருச்சாண்ணே?” என்று நூறு நாள் வேலைக்குப் போகும் அக்கா ஒருவர் கேட்டபோது அதற்குப் பதில் வரவில்லை. ஊராட்சித் தலைவர் எழுந்து, தமக்கும் அந்த அளவு காட்டப்படவில்லை, பட்டியலில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன் என்றார். அவர் சொன்னதை நான் நம்புகிறேன். கணக்கைத் திறக்காத வழக்கம் மக்களை மட்டுமன்றி, அவர்கள் தேர்ந்தெடுத்தவரையும் இருட்டில்தான் வைக்கிறது. ஆனால் கையெழுத்து அவருடையது என்பதால் பொறுப்பும் அவருடையதே என்பதையும் சபையிலேயே சொன்னோம்.

அன்று தீர்மானம் எங்கள் கண் முன்னால் எழுதப்பட்டது. விடுபட்ட 160 மீட்டரையும் சிறுபாலத்தையும் ஒப்பந்தக்காரர் தம் செலவில் முடிக்க வேண்டும். பொறியாளர் ஊரார் முன்னிலையில் மறுபடி அளக்க வேண்டும். அந்த அளவு சபையில் வைக்கப்படும் வரை ஒப்பந்தக்காரரின் வைப்புத்தொகையை விடுவிக்கக் கூடாது. எழுதியதைப் படித்துக் காட்டிய பிறகே, இடைவெளி விடாமல் அதன் கீழேயே கையெழுத்திட்டோம். புரட்டாசியில் வேலை நடந்தது. அக்டோபர் 2 சபையில் புதிய அளவு படிக்கப்பட்டது. பலகையில் வெறுமையாக இருந்த இரண்டு இடங்களும் நிரப்பப்பட்டன. அந்த ஆண்டு மழையில் தண்ணீர் கீழிருந்து நான்காம் படி வரை ஏறியது. ஆச்சியின் கணக்குப்படி அது இன்னும் பாதிதான். முதல் பதிவில் கையெழுத்திட்டவர்கள் மீது துறை எடுத்த நடவடிக்கை என்ன என்று கேட்டதற்கு இன்று வரை எழுத்தில் பதில் இல்லை. இந்தக் குறை தீரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களின் பதவிக்காலம் 2025 சனவரி 5-ஆம் நாளோடு முடிந்து, ஊராட்சி தனி அலுவலர் பொறுப்புக்குப் போனது. நாங்கள் கேள்வி கேட்பதற்கு ஊருக்குள் இருந்த ஒரே ஆளும் இல்லாமல் போனதால், சபை எங்களுக்கு முன்னைவிடத் தேவையானது. ஒவ்வொரு சபைக்கும் முன்னால் எங்கள் குழுக் கூட்டத்தில் இ-கிராம சுவராஜ் பக்கத்தைத் திறந்து, அந்த இடைக்காலத்தில் நடந்த செலவுகளை உறுப்பினர்களுக்குப் படித்துக் காட்டுகிறேன். எந்தச் செலவைப் பற்றி யார் கேட்பது என்று அங்கேயே பிரித்துக்கொள்கிறோம். பெண்கள் பலர் இப்போது கையில் எழுதிய தாளோடு வருகிறார்கள். தற்போது தெருவிளக்குப் பராமரிப்புச் செலவின் பட்டியல்களைக் கேட்டு விண்ணப்பித்திருக்கிறோம். அவை வந்ததும் எந்தக் கம்பத்தில் எந்தத் தேதியில் விளக்கு மாற்றப்பட்டது என்று தெருவாரியாகச் சரிபார்த்து, அடுத்த சபையில் படிக்க இருக்கிறோம்.