விளக்கெரிந்த இரவு

1945 மே 8 அன்று பிற்பகல் 3 மணிக்கு, ஐரோப்பியப் போர் முடிந்ததைச் சர்ச்சில் வானொலியில் அறிவித்தபோது, லண்டன் மக்கள் ஏற்கெனவே டிரஃபால்கர் சதுக்கத்திலும் பக்கிங்ஹாம் அரண்மனை வாசலிலும் திரண்டிருந்தார்கள். என் மனம் தங்குவது அந்தக் கூட்டத்திலன்று, வெளிச்சத்தில்: விமானத் தாக்குதலுக்கு அஞ்சி ஆண்டுக்கணக்கில் இருளில் கிடந்த நகரில் அன்றிரவு பொதுக் கட்டடங்கள் ஒளிவெள்ளத்தில் நின்றன, தெருக்களில், நம்மூர்ச் சொக்கப்பனைபோல, தீ மூட்டிச் சுற்றி ஆடினார்கள். 19 வயது இளவரசி எலிசபெத்தும் தங்கை மார்கரெட்டும் அடையாளம் தெரியாமல் அவர்களோடு கலந்தார்கள். ஆனால் மகனோ கணவனோ இன்னும் பர்மாவில் போரிட்டுக்கொண்டிருந்த வீடுகளில் (ஜப்பான் பணிய ஆகஸ்ட் ஆயிற்று) எப்படிச் சிரித்திருப்பார்கள்? தெருவிருந்துக் கேக்குகள்கூட, போர்க்காலப் பங்கீட்டில் (ரேஷனில்) கிடைத்ததை அண்டை வீட்டார் மிச்சம்பிடித்துச் சேர்த்துச் செய்தவைதான். அந்தப் பங்கீடு முற்றாக ஒழிய 1954 வரை அவர்கள் காத்திருந்தார்கள்.